வால்வு மூடியில் 1100, புத்தகத்தில் 948: ஒரு மொரிஸ் மைனரின் மாற்று எஞ்சினை அளந்த கதை

யாழ்ப்பாணத்தில் என் அத்தானிடம் 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. அவருடைய தகப்பனார் ஓடிய வண்டி. கடந்த ஆண்டு அதன் ஹெட் கஸ்கெற் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள புளொக்குக்கும் இடையிலான அடைப்புத் தகடு) இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையில் எரிந்துபோக, எஞ்சினைக் கழற்றி முழுமையாகச் செய்துவிடுவது என்று தீர்மானித்தார். கஸ்கெற், பிஸ்ரன் றிங், பெயாரிங் எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்து தருவிக்க வேண்டும். அங்குள்ள கடை கேட்ட முதற் கேள்வி எஞ்சின் எத்தனை சிசி என்பது. அதற்கு எங்களிடம் இரண்டு விடைகள் இருந்தன. பதிவுப் புத்தகத்தில் 948 என்று இருந்தது. எஞ்சினின் வால்வு மூடியில் வெள்ளைப் பெயின்ற்றால், தூரிகை பிடித்துப் பழகாத ஒரு கை, 1100 என்று எழுதியிருந்தது.

வண்டியில் இருப்பது அதனுடன் வந்த எஞ்சின் அல்ல என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கிக் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட பிறகு, இங்கே ஓடிய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், மைனர் போன்ற பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சினின் அடித் தொட்டியான சம்பில் உள்ள எண்ணெயையும் நீர்க்கச் செய்துவிடும். சிலிண்டர்கள் தேய்வது அதனால்தான். இந்த வண்டியின் எஞ்சினும் அப்படியே புகை கக்கி நின்றபோது, உறவினர் ஒருவரிடம் கிடந்த ஆஸ்டின் ஏ35 வேன் ஒன்றின் எஞ்சினை வாங்கிப் பூட்டினார்கள் என்று அத்தான் சொல்கிறார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. வேனைப் பார்த்த நினைவு இருக்கிறது. அது எந்த ஆண்டு வேன் என்பது நினைவில்லை.

அந்த ஆண்டு தெரிந்திருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது. ஏ35 காரில் வந்தது 948 சிசி எஞ்சின் மட்டுமே. ஆனால் கார் நின்ற பிறகும் வேன் தொடர்ந்து தயாரிக்கப்பட்டது. 1962இல் அதற்கு 1098 சிசி எஞ்சின் வந்தது, பின்னர் 848 சிசியும் வந்தது. ஆகவே ஏ35 வேனின் எஞ்சின் என்ற சொல் மூன்று அளவுகளில் எதுவாகவும் இருக்கலாம். மொரிஸ் மைனரின் கதையும் அதே வழியில்தான் போகிறது. 1948இல் அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் அந்தக் கார் வந்தபோது 918 சிசி பக்க வால்வு எஞ்சின் இருந்தது. ஆஸ்டினும் மொரிஸும் 1952இல் ஒரே நிறுவனமாகிய பிறகு ஆஸ்டினின் ஏ வரிசை எஞ்சின் 803 சிசியில் வந்தது. 1956இல் 948, 1962இல் 1098. வெளியிலிருந்து பார்த்தால் ஏ வரிசையின் இந்த எஞ்சின்கள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்; ஒன்றைக் கழற்றிய இடத்தில் மற்றொன்றைப் பூட்டிவிடலாம். இங்கே இத்தனை மைனர்கள் இன்னும் ஓடுவதற்கு அதுவே காரணம், அவற்றின் புத்தகங்களை நம்ப முடியாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

வேலையைத் தொடங்குமுன் ஏ வரிசையின் அளவுகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். 948க்குச் சிலிண்டர்த் துளை 62.94 மில்லிமீற்றர், பிஸ்ரனின் ஓட்டம், அதாவது அது மேலிருந்து கீழே போகும் தூரம், 76.2. 1098க்குத் துளை 64.58, ஓட்டம் 83.72. மினியில் குறுக்காகப் பூட்டப்பட்ட 998க்குத் துளை 64.58, ஓட்டம் 76.2. 848க்குத் துளை 948இன் துளையேதான், ஓட்டம் மட்டும் 68.26. (துளையைக் கராஜில் ‘போர்’ என்பார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் அதிகம் புழங்கிவிட்டபடியால் இங்கே துளை என்றே எழுதுகிறேன்.) இந்த எண்களைச் சற்று நின்று பார்த்தால் ஒன்று தெரியும். 998 என்பது 1098இன் துளையையும் 948இன் ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்ட எஞ்சின். ஆகவே துளையை மட்டும் அளந்தவருக்கும் ஓட்டத்தை மட்டும் அளந்தவருக்கும் இரண்டு விடைகள் மிஞ்சும்.

முதலில் கழற்றாமல் பார்க்கக்கூடியவை. டைனமோவுக்கு மேலே புளொக்கில் எஞ்சின் இலக்கத் தகடு இருந்தது. அதில் 9எம் என்று தொடங்கும் இலக்கம். 9 என்பது 948ஐயும் எம் என்பது மொரிஸையும் குறிக்கும். 1098 ஆக இருந்தால் 10எம்ஏ என்று தொடங்கியிருக்கும், ஆஸ்டின் வண்டியின் 948 என்றால் 9ஏ. அதற்குப் பின்னால் வரும் எச் அல்லது எல் அழுத்த விகிதம் கூடியதா குறைந்ததா என்பதைச் சொல்லும். தகட்டில் இருந்த இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் இருந்த இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்தன. அத்தான் அந்த இடத்திலேயே கதை முடிந்தது என்றார். நான் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். தொழிற்சாலை அதை ஆணி அறைந்து பொருத்துவது வழக்கம். இங்கேயோ இரண்டு பக்கமும் நட்சத்திரத் தலையுள்ள சிறு திருகாணிகள் இருந்தன. தகடு ஒரு முறையாவது கழன்று மீண்டும் ஏறியிருக்கிறது. மாற்று எஞ்சின் பூட்டும்போது பழைய தகட்டைக் கழற்றிப் புதியதில் பூட்டுவது இங்கே சர்வசாதாரணம். அப்படிச் செய்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டியதில்லை, அதிலும் அந்தக் காலத்தில் அலைவதற்கு வழியும் இல்லை. ஆக, எஞ்சின் மாறியதா என்ற கேள்வியில் தகடு குடும்பக் கதையின் பக்கம் நின்றது. எஞ்சின் எத்தனை சிசி என்ற கேள்வியில் அது சாட்சியாகவே நிற்க முடியாமல் போயிற்று.

வால்வு மூடியைத் திறந்ததும் ஹெட்டின் மேற்பரப்பில் வார்ப்பிலேயே எழுந்து நின்ற எழுத்துகள் தெரிந்தன: 12ஜி202. இது 1098 எஞ்சின்களில் வரும் ஹெட். 948இன் ஹெட்டில் இருப்பதைவிட இதன் உள்ளிழு வால்வுகள் சற்றுப் பெரியவை. வண்டியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக் இதைக் கண்டதும் மூடியில் எழுதியிருந்ததை விரலால் தட்டிக் காட்டினார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

“தம்பி, இது ஆயிரத்து நூறுதான். நான் முந்தி ஒருக்கா ஹெட் கழட்டினபோது அளந்தும் பாத்தனான். அறுபத்து நாலரைக்கு மேலை வந்தது.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பது பின்னால் தெளிவாயிற்று. ஆனால் அந்த ஹெட், 948 புளொக்கிலும் அப்படியே உட்காரும். அதே ஒன்பது ஸ்ரட்டுகள், அதே துவாரங்கள். இங்கிலாந்திலேகூட 948 வண்டிக்கு வலுவேற்ற விரும்புகிறவர்கள் மலிவான வழியாக இந்த ஹெட்டைத் தேடிப் பூட்டுவதுண்டு. ஹெட்டின் இலக்கம் ஹெட்டைப் பற்றி மட்டுமே பேசும்.

கிளட்ச் தட்டு 6¼ அங்குலம், கியர்ப் பெட்டி விலா இல்லாத மழமழப்பான பழைய வகை. 1098 வண்டிகளில் 7¼ அங்குலக் கிளட்சும் விலாவுள்ள பெட்டியும் வந்தன. இவை இரண்டும் 948 என்று சொல்வதாகத் தோன்றினாலும், வண்டியின் பழைய கியர்ப் பெட்டிக்குப் பொருந்தும்படி பழைய ஃபிளைவீலையே புதிய எஞ்சினில் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு என்பதால் இதற்கும் நான் மதிப்பெண் போடவில்லை. வண்டி எப்படி இழுக்கிறது என்பதையும் தள்ளிவைத்தேன். தொழிற்சாலைக் கணக்கில் 948க்கு 37 குதிரைவலு, 1098க்கு 48; ஆனால் அறுபது வயது கடந்த, கஸ்கெற் எரிந்த எஞ்சினின் இழுவையை இருக்கையில் உட்கார்ந்து கணிப்பது சோதிடம் பார்ப்பதற்குச் சமம்.

ஹெட்டைக் கழற்றாமலே ஓட்டத்தை அளந்துவிடலாம் என்று பலர் நினைப்பார்கள். ஸ்பார்க் பிளக் துவாரத்துக்குள் ஒரு கம்பியை விட்டு, பிஸ்ரன் மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் குறித்துக்கொண்டால் போதும். பிளக் நேராக மேலே இருக்கும் எஞ்சின்களில் அது சரிவரும். ஏ வரிசையில் பிளக் பக்கவாட்டில் சரிந்து இருப்பதால், உள்ளே போகும் கம்பி பிஸ்ரனின் ஓட்டத்துக்கு நேர்கோட்டில் நிற்காது. திரவம் ஊற்றி அளக்கும் வழியும் இருக்கிறது. ஒரு சிலிண்டருக்கு 948இல் 237 சிசி, 1098இல் 274 சிசி என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுதான். ஆனால் தேய்ந்த றிங்குகளைத் தாண்டி அது சம்புக்குள் ஒழுகிக்கொண்டே இருக்கும், சரிந்த துவாரத்தின் உச்சியில் காற்றும் சிக்கிக்கொள்ளும். எங்களுக்கு எப்படியும் ஹெட் கழன்றே ஆக வேண்டியிருந்தது.

கழற்றிய அன்று மாலை மெக்கானிக் தன்னுடைய வேர்னியர் அளவுகோலை எடுத்து, முதலாம் சிலிண்டரின் வாயில் வைத்துப் பார்த்தார். 64.6. சுவரில் ஒட்டியிருந்த தாளில் 1098க்கு எதிரே 64.58 என்று இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் நானும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டிருந்தேன். பிளக்குகள் இல்லாததால் எஞ்சின் இலேசாகச் சுழன்றது. முன்னாலிருந்து ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைப் போட்டு அத்தான் சுற்ற, நான் வேர்னியரின் ஆழக் கோலைப் பிஸ்ரனின் தலையில் வைத்துப் பார்த்தேன். பிஸ்ரன் உச்சத்தில் நிற்கும்போது புளொக்கின் முகத்திலிருந்து அது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் அடியில் எடுக்கும் அளவு மட்டும் ஓட்டத்தைவிடக் கூடிக் காட்டும். தேய்ந்த சிலிண்டரில் பிஸ்ரன் இருபுறமும் சரிந்தாடும் என்பதால் கோலை ஓரத்தில் வைக்காமல் பிஸ்ரனை அதன் தண்டுடன் இணைக்கும் கஜன் பின் போகும் கோட்டின் மேல், நடுவில் வைத்தேன். முதலாம் சிலிண்டரில் உச்சத்தில் 0.35, அடியில் 76.5. நாலாம் சிலிண்டரில் உச்சத்தில் 0.4, அடியில் 76.6. கழித்தால் 76.15, 76.2. 1098 ஆக இருந்திருந்தால் 83.72 வர வேண்டும். வித்தியாசம் ஏழரை மில்லிமீற்றர், ஒரு பென்சிலின் தடிப்பு. வேர்னியரைப் பிழையாகப் பிடித்ததால் வரும் பிழை அல்ல அது. மூன்று முறை திருப்பி அளந்தும் மாறவில்லை.

ஓட்டத்தை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. சிலிண்டர்த் துளையை லேத் பட்டறையில் கொடுத்துப் பெருப்பிக்கலாம், ஓடியும் அது பெருக்கும். ஹெட் மாறலாம், தகடு மாறலாம், மூடியில் எதையும் எழுதலாம். ஓட்டமோ பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டான கிராங் ஷாஃப்ற்றின் வளைவில் இருக்கிறது. அதில் பிஸ்ரன் தண்டு பற்றும் கிராங் பின்னை எத்தனை முறை கடைந்தாலும் அது மெலியுமே தவிர, ஒழுங்காகக் கடைந்தால் மையத்திலிருந்து அதன் தூரம் மாறாது.

ஆனால் என் தாளின்படி 76.2 ஓட்டமும் 64.58 துளையும் சேர்ந்தால் 998. மைனரில் தொழிற்சாலை அதைப் போட்டதில்லை. மினியிலிருந்து எடுத்த புளொக்காக இருக்குமோ, அல்லது 1098 புளொக்கில் யாராவது 948இன் கிராங்கைப் போட்டிருப்பார்களோ என்றெல்லாம் யோசிக்க வேண்டி வந்தது. மெக்கானிக் எடுத்த 64.6க்கு அப்போது வேறு விளக்கம் இல்லை.

விளக்கம் சிலிண்டரின் அடியில் இருந்தது. சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. மேல் றிங் திரும்பும் இடத்தில், வெப்பமும் அழுத்தமும் கூடி எண்ணெய் குறையும் அந்த ஒரு அங்குலத்தில்தான் தேய்வு அதிகம். றிங்குகள் எட்டாத அடிப்பகுதியில் துளை, கடைசியாகக் கடைந்த அளவிலேயே ஏறக்குறைய இருக்கும். மறுநாள் லேத் பட்டறையிலிருந்து டயல் உள்ள துளை மானி ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் மூன்று ஆழங்களில், கிராங்கின் நீளவாட்டிலும் அதற்குக் குறுக்காகவும் அளந்தோம். மேலே 64.58 முதல் 64.63 வரை வந்தது. அடியில் நான்கு சிலிண்டர்களிலும் 64.47.

இந்த 64.47தான் வழக்கைத் திருப்பியது. ஓடி ஓடித் துளை பெருக்குமேயன்றிச் சிறுக்காது. 1098 ஆகவோ 998 ஆகவோ பிறந்த புளொக்கில் எந்த ஆழத்திலும் 64.58க்குக் குறைந்த அளவு வர முடியாது. துளைக்குள் ஸ்லீவ் என்ற உள்ளுறை போட்டிருந்தால் வரலாம், ஆனால் இதில் ஸ்லீவின் விளிம்பு எங்கும் இல்லை. 0.11 மில்லிமீற்றர் சொற்பமாகத் தோன்றலாம். லேத்காரரின் கணக்கில் அது நாலு தௌவுக்கு மேல்; தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மானியில் முள் தெளிவாக நகர்ந்து காட்டும் தூரம். மறுபக்கமாக, 948இன் 62.94இலிருந்து தொடங்கி 60 தௌ, அதாவது 1.524 மில்லிமீற்றர் கூட்டினால் 64.46 வருகிறது. வழக்கமாக 40 தௌவுடன் நிறுத்திக்கொள்வார்கள். வேறு புளொக் கிடைக்காத இடத்தில், கிடைத்த பிஸ்ரனுக்கு ஏற்ப, யாரோ கடைசி எல்லைவரை போயிருக்கிறார்கள்.

பிஸ்ரனின் தலையில் படிந்திருந்த கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அலுமினியத்தில் கீறல் விழாதபடி மூங்கில் சிராயால் சுரண்டினேன். மூன்றாம் பிஸ்ரனில் முதலில் ஒரு சுழியமும் அதன் பக்கத்தில் 6இன் வளைவும் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் 060 என்று முழுதாக வந்தது. பெருப்பித்த துளைக்கான பிஸ்ரன்களின் தலையில் எத்தனை தௌ என்று குத்தியிருப்பது வழக்கம். மெக்கானிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார், பிறகு மற்ற மூன்றையும் தானே சுரண்டினார். அதற்குப் பிறகு கம்பித் தூரிகையால் புளொக்கின் பக்கச் சுவரைத் தேய்த்து, பல பூச்சுப் பச்சைப் பெயின்றுக்கு அடியிலிருந்து வார்ப்பு எழுத்தை வெளிக்கொண்டு வந்தோம். 948 புளொக்கில் 950 என்றும் 1098இல் 1100 என்றும் வார்த்திருப்பார்கள். இதில் இருந்தது 950. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதை மட்டும் பார்த்திருந்தால் உள்ளே இருக்கும் 60 தௌ எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும், கடைக்கு 948 என்று எழுதி, பொருந்தாத றிங்குகளை வாங்கியிருப்போம்.

ஆகவே எஞ்சின் எத்தனை சிசி என்பதற்கு எங்கள் விடை இரண்டாக இருந்தது. அது 948 வகை எஞ்சின். பெயாரிங், கிராங், கேம் எல்லாம் அந்த வகைக்குரியவை. அதன் உண்மையான கொள்ளளவோ, 64.46ஐயும் 76.2ஐயும் வைத்துப் பெருக்கினால், ஏறக்குறைய 995 சிசி. மூடியில் எழுதியவர் 1100 என்று எழுதியதை வெறும் பெருமை என்று நான் இப்போது நினைக்கவில்லை. ஹெட்டையும் மேல்வாய்த் துளையையும் பார்த்த எவரும் நேர்மையாகவே அப்படி எழுதியிருக்கலாம்.

பெயாரிங் விடயத்தில் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். கிராங் புளொக்கில் தாங்கி நிற்கும் பகுதியான மெயின் ஜேர்னலை அளந்து அளவைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் எழுதுவதுண்டு. மைனரில் வந்த 948க்கும் 1098க்கும் மெயின் விட்டம் ஒன்றேதான், 1¾ அங்குலம். கிராங் பின்னும் இரண்டிலும் 1⅝ அங்குலம். 2 அங்குல மெயின் உள்ள 1098 எம்ஜி மிட்ஜெற் காரின் பிந்திய எஞ்சின்களில் வந்தது. ஆக, 2 அங்குலம் வந்தால் 948 இல்லை என்று சொல்லலாம், 1¾ வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் கிராங்கில் வந்தது 1¾ அங்குலத்தில் 20 தௌ குறைய. முன்பு ஒரு முறை கடைந்திருக்கிறார்கள்.

60 தௌவுக்கு மேல் இந்தப் புளொக்கைக் கடைவதற்கு லேத்காரர் உடன்படவில்லை. நான்கு சிலிண்டர்களுக்கும் ஸ்லீவ் இறக்கி, துளையைத் தொடக்க அளவுக்கே கொண்டுவருவது என்று முடிவாயிற்று. புதிய பிஸ்ரன்கள் 948இன் ஸ்டாண்டர்ட் அளவில் வந்தன, பெயாரிங்குகள் 20 தௌ குறைந்த அளவில். 12ஜி202 ஹெட்டை வைத்துக்கொண்டோம். வால்வு இருக்கைகள் மட்டும் புதிதாக வெட்டப்பட்டன. வேலை முடிந்து புளொக் திரும்பி வந்த அன்று அதே மானியால் அளந்தபோது நான்கு சிலிண்டர்களும் 62.96க்கும் 62.98க்கும் இடையில் நின்றன. பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் 948 அநேகமாக முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி உண்மையாயிற்று.

ஏ35 வேன் என்ற கதையை எங்களால் உறுதிப்படுத்தவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. 1962க்கு முந்திய வேனாக இருந்தால் அதில் 948தான் இருந்திருக்கும், கதை பொருந்துகிறது. ஆனால் புளொக்கைக் கடைவதற்கு முன் காரத் தொட்டியில் அவிப்பதற்காகவும் தகட்டைக் கழற்றிப் பிறகு திருகாணி போட்டிருக்கலாம்; அப்படியானால் இது வண்டியுடன் வந்த புளொக்காகவே இருக்கவும் கூடும். வேனுக்குரிய 9ஏ தகடு எங்காவது கிடந்தால் சொல்லும்படி அந்த உறவினர் வீட்டாரிடம் அத்தான் கேட்டிருக்கிறார்.